ஒரு சென்ட் பொருளுக்கு ஏன் இருபது டாலர் ஷிப்பிங்?

2005 வாக்கில் அமெரிக்க ஈபே தளத்தில் ஏலம் கேட்டவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகப் பழகியிருக்கும். பழைய கேமரா லென்ஸ் ஒன்று. ஏலம் முடிய இன்னும் இரண்டு மணி நேரம். இப்போதைய விலை 99 சென்ட். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘ஷிப்பிங், ஹேண்ட்லிங் 18.50 டாலர்’. அதற்கும் கீழே ‘இன்சூரன்ஸ் 3 டாலர், விரும்பினால்’. அந்த லென்ஸைத் தபாலில் அனுப்ப ஆறேழு டாலருக்கு மேல் ஆகாது என்பது விற்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

அப்படியானால் லென்ஸின் விலைதான் என்ன? 99 சென்ட்டா, 19.49 டாலரா, 22.49 டாலரா? கூட்டத் தெரிந்தவருக்கு இதில் குழப்பமே இருக்கக்கூடாது. ஆனால் இந்த ஒரு கூட்டல் கணக்கைச் சுற்றித்தான் ஏலத் தளங்களில் பல வருடம் சண்டை நடந்தது, விதிகள் மாறின, பொருளாதார நிபுணர்கள் ஆய்வுகூட நடத்தினார்கள். ஏலத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பணம் மிச்சம். விற்பவர்மேல் தேவையில்லாமல் எரிச்சல் படுவதும் குறையும், ஏனென்றால் அதிகம் என்று தோன்றும் எல்லாக் கட்டணமும் அநியாயம் இல்லை.

முதலில் எது எது என்று பிரித்துக்கொள்வோம். ஷிப்பிங் என்பது தபால் துறைக்கோ கூரியர் நிறுவனத்துக்கோ போய்ச் சேரும் பணம். எடை, தூரம், பெட்டியின் அளவு, எத்தனை நாளில் சேர வேண்டும் என்பதைப் பொறுத்து மாறும். ரசீது உண்டு, சரிபார்க்கலாம். ஹேண்ட்லிங் என்பது பொருளைப் பார்சலாக்கும் செலவு: அட்டைப்பெட்டி, பபிள் ராப், டேப், முகவரி ஒட்ட ஸ்டிக்கர், தபால் நிலையம் வரை போய்வரும் பெட்ரோல், அப்புறம் இதற்கெல்லாம் ஆகும் நேரம். இதற்கு ரசீது கிடையாது, விற்பவர் வைத்ததுதான் கணக்கு. இன்சூரன்ஸ் என்பது வழியில் பொருள் தொலைந்தாலோ உடைந்தாலோ ஈடு கிடைப்பதற்காகக் கட்டும் தொகை. இதற்கும் ரசீது இருக்க வேண்டும். பழைய ஈபேயில் பல சமயம் இருந்ததில்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

பெரும்பாலான தகராறுகள் முதல் இரண்டையும் ஒரே எண்ணாகச் சேர்த்து எழுதுவதிலிருந்து தொடங்குகின்றன. பார்சல் வீட்டுக்கு வருகிறது, மேலே 6.20 டாலர் என்று தபால் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. நீங்கள் கொடுத்ததோ 18.50. மீதி 12.30 எங்கே போனது?

விலை ஷிப்பிங்குக்குள் ஒளிந்துகொண்ட கதை

பியர் ஒமிடியார் 1995-ல் ஈபேயைத் தொடங்கிய காலத்தில் இந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை. வாங்குபவரும் விற்பவரும் மின்னஞ்சலில் பேசி தபால் செலவை முடிவுசெய்துகொள்வார்கள், காசோலையோ மணியார்டரோ போகும், பொருள் வரும். தளம் பெரிதாகி, ஏலமே தொழிலாக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் வந்த பிறகுதான் ஷிப்பிங் தொகை வீங்கத் தொடங்கியது. அதற்குக் காரணங்கள் இருந்தன.

முதல் காரணம் தளத்தின் கமிஷன். ஏலம் முடிந்த விலையில் ஒரு பங்கைச் சதவீதக் கணக்கில் ஈபே எடுத்துக்கொள்ளும். ஆனால் அமெரிக்கத் தளத்தில் 2011 வரை அந்தச் சதவீதம் ஏலத்தொகைக்கு மட்டும்தான், ஷிப்பிங்குக்குக் கிடையாது. கணக்கை எளிதாக்க கமிஷன் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பொருள் 20 டாலர், ஷிப்பிங் 5 டாலர் என்று விற்றால் தளத்துக்கு 2 டாலர் போகும். அதையே பொருள் ஒரு சென்ட், ஷிப்பிங் 24.99 என்று, ஏலம் இல்லாமல் சொன்ன விலைக்கே விற்கும் ‘இப்போதே வாங்கு’ முறையில் விற்றால்? தளத்துக்கு ஒன்றும் இல்லை என்றே சொல்லலாம். வாங்குபவர் கொடுப்பது இரண்டிலும் 25 டாலர்தான். இதைக் கமிஷன் ஏய்ப்பு என்று சொல்லி ஈபே தடைசெய்திருந்தது. தடை எழுதிவைத்த பிறகும் விளையாட்டு நடந்துகொண்டுதான் இருந்தது, ஏனென்றால் எந்த ஷிப்பிங் தொகை நியாயம், எது அதிகம் என்பதை லட்சக்கணக்கான ஏலங்களில் ஒவ்வொன்றாக யார் உட்கார்ந்து பார்ப்பது?

இரண்டாவது காரணம் பொருளைத் திருப்பிக் கொடுப்பது. ‘பொருள் பிடிக்காவிட்டால் பணம் வாபஸ், ஷிப்பிங் தவிர’ என்று எழுதிவைப்பது அன்றைய வழக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விலை ஒரு சென்ட், ஷிப்பிங் 24.99 என்றால் வாபஸ் வருவது ஒரு சென்ட். எனக்குத் தெரிந்து இதுதான் இந்த விளையாட்டின் மிக மோசமான பகுதி. கமிஷன் ஏய்ப்பில் நஷ்டப்படுவது ஒரு பெரிய நிறுவனம். இதில் நஷ்டப்படுவது பார்சலைப் பிரித்துப் பார்த்து ஏமாந்த மனிதர்.

மூன்றாவது காரணம் நம் கண். இதுதான் சுவாரசியமானது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கூட்டினால் ஒன்றுதான், ஆனால் கூட்டுவதில்லை

அந்த லென்ஸ் உங்களுக்கு அதிகபட்சம் 25 டாலர் பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்பிங் 5 டாலர் என்றால் நீங்கள் 20 வரை ஏலம் கேட்பீர்கள். ஷிப்பிங் 18.50 என்றால் 6.50 வரைதான் கேட்க வேண்டும். எல்லோரும் இப்படியே கணக்குப் போட்டால், விற்பவர் ஷிப்பிங்கை எவ்வளவு ஏற்றுகிறாரோ அவ்வளவு ஏலத்தொகை இறங்கும். கடைசியில் அவர் கைக்கு வரும் மொத்தம் மாறாது. ஆக, ஏலத்தைப் பொறுத்தவரை அதிக ஷிப்பிங் என்பது ஏமாற்றவே முடியாத ஏமாற்று வேலை. பாடப்புத்தகப் பொருளாதாரம் இப்படித்தான் சொல்லும்.

டான்ஜிம் ஹொசைன், ஜான் மோர்கன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் இதை ஈபேயிலேயே சோதித்துப் பார்த்தார்கள். 2006-ல் வெளியான ஆய்வு அது. புதிய இசைக் குறுந்தகடுகளையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் அவர்களே ஏலத்துக்கு விட்டார்கள். ஒரே பொருளை ஒருமுறை ‘தொடக்க விலை 4 டாலர், ஷிப்பிங் இலவசம்’ என்றும், இன்னொரு முறை ‘தொடக்க விலை ஒரு சென்ட், ஷிப்பிங் 3.99’ என்றும் போட்டார்கள். குறைந்தபட்ச மொத்தம் இரண்டிலும் 4 டாலர்தான். ஒரு சென்ட் ஏலத்துக்கு அதிகப் பேர் வந்தார்கள், சீக்கிரமே கேட்கத் தொடங்கினார்கள், ஷிப்பிங்கையும் சேர்த்துப் பார்த்தால் விற்பவருக்குக் கிடைத்த மொத்தமும் பெரும்பாலும் அதிகம். அதாவது கேட்டவர்கள் ஷிப்பிங்கை முழுதாகக் கழித்துக்கொள்ளவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு சுற்றும் உண்டு. மொத்தம் 8 டாலர். ஒன்றில் விலை 6, ஷிப்பிங் 2. மற்றதில் விலை 2, ஷிப்பிங் 6. விலை கூடிய எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்கு இந்தத் தந்திரம் பலித்தது. குறுந்தகடுகளுக்குப் பலிக்கவில்லை. ஒரு குறுந்தகட்டுக்கு 6 டாலர் ஷிப்பிங் என்றதும் கேட்பவர்கள் விழித்துக்கொண்டார்கள். பொருளின் மதிப்போடு ஒப்பிட்டு ஷிப்பிங் சின்னதாகத் தெரியும்வரைதான் நாம் அதைக் கவனிக்காமல் விடுகிறோம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இது ஈபேக்கு மட்டும் உரிய பலவீனமும் இல்லை. 1998-ல் விக்கி மோர்விட்ஸ் என்ற சந்தைப்படுத்தல் ஆய்வாளரும் அவருடன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், சில்லறைக் காசுகள் நிரம்பிய ஒரு ஜாடியை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். ஒரு பகுதியினருக்கு, ஜெயித்தால் ஏலத்தொகைக்கு மேல் 15 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை. அவர்கள் அந்த 15 சதவீதத்துக்குத் தக்கபடி தாங்கள் ஏலம் கேட்கும் தொகையைக் குறைத்துக்கொள்ளவில்லை. விலையைத் துண்டுபோட்டால் பெரிய துண்டுதான் மனதில் நிற்கிறது, சின்னத் துண்டு நழுவிவிடுகிறது.

பிறகு ஹொசைனும் மோர்கனும் ஜெனிஃபர் பிரவுனோடு சேர்ந்து, ஐபாட்களை வைத்து அயர்லாந்து ஈபேயிலும் தைவான் யாகூ ஏலத்திலும் ஒரு சோதனை செய்தார்கள். அது 2010-ல் வெளியானது. ஷிப்பிங் தொகையைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தால், அதை ஏற்ற ஏற்ற விற்பவருக்கு வருமானம் கூடியது. ஆனால் ஷிப்பிங் குறைவாக இருக்கும்போது அதை எல்லோருக்கும் தெரியும்படி போட்டவர்களுக்குத்தான் லாபம். ஒழுங்காகக் கட்டணம் வைக்கிற விற்பவர் அதை ஒளிக்கவே தேவையில்லை, தலைப்பிலேயே போட்டுக்கொள்ளலாம். யார் ஒளிக்கிறார்கள் என்பதே ஒரு தகவல்தான்.

தளம் செய்த வைத்தியம்

ஈபே பல மருந்துகளைப் பார்த்தது. 2007-ல் விற்பவர்களுக்கு நான்கு அம்சங்களில் நட்சத்திர மதிப்பெண் கொடுக்கும் முறை வந்தது. அந்த நான்கில் ஒன்று ஷிப்பிங், ஹேண்ட்லிங் கட்டணம் நியாயமா என்பது. யார் எவ்வளவு போட்டார்கள் என்று விற்பவருக்குத் தெரியாது, சராசரி மட்டும் தெரியும். யோசனை நல்லதுதான். ஆனால் உண்மையான செலவை மட்டும் வசூலித்த விற்பவர்களுக்குக்கூட, ‘தபால் செலவு ரொம்ப அதிகம்’ என்ற கோபத்தில் வாங்கியவர்கள் மூன்று நட்சத்திரம் போட்டார்கள். தபால் துறை கட்டணத்தை ஏற்றினால் அதற்கும் அடி விற்பவருக்குத்தான். பிற்பாடு ஷிப்பிங் இலவசம் என்று போட்டவர்களுக்கு அந்த அம்சத்தில் தானாகவே ஐந்து நட்சத்திரம் என்று ஆக்கினார்கள். புத்தகம், இசைத்தட்டு போன்ற சில பிரிவுகளில் ஷிப்பிங்குக்கு உச்சவரம்பும் வந்தது.

உண்மையில் வேலை செய்த மருந்து 2011-ல் வந்தது. கமிஷனை ஷிப்பிங்கையும் சேர்த்த மொத்தத் தொகைக்குக் கணக்கிடத் தொடங்கினார்கள். ஏய்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனது. ஒரு சென்ட், 24.99 விளையாட்டின் பெரிய காரணம் ஒன்று ஒரே நாளில் செத்தது. விற்பவர்கள் கொதித்தார்கள், அதிலும் நியாயம் இருந்தது: தபால் துறைக்கு அப்படியே போகும் பணத்துக்கு நாங்கள் ஏன் கமிஷன் கட்ட வேண்டும்? பதினைந்து டாலர் தபால் செலவாகும் கனமான பொருளை விற்பவர், தன் கைக்கே வராத பதினைந்து டாலருக்கும் சேர்த்துக் கமிஷன் கட்டுகிறார். அதனால் அந்தச் சுமையையும் ஷிப்பிங் தொகையில் ஏற்ற வேண்டியதாகிறது. ஏய்ப்பவர்களை அடக்கப் போட்ட விதி, ஒழுங்கானவர்களின் ஷிப்பிங்கைக் கொஞ்சம் கூட்டிவிட்டது.

தேடலில் ‘விலையும் ஷிப்பிங்கும் சேர்த்து, குறைந்தது முதலில்’ என்று அடுக்கும் வசதியும் உண்டு. என்னைக் கேட்டால் நட்சத்திரங்களைவிட இது பல மடங்கு பயனுள்ளது. மனிதர் கூட்ட மறப்பதைத் தளமே கூட்டிக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது.

ஹேண்ட்லிங் எவ்வளவு இருந்தால் நியாயம்?

தபால் ஸ்டிக்கரில் இருப்பதைவிட ஒரு டாலர்கூட அதிகம் வாங்கக்கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியில்லை. பீங்கான் கோப்பை ஒன்றைப் பத்திரமாக அனுப்ப, ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வைத்து, நடுவில் நிரப்பியும் வைக்க வேண்டும். பெட்டியும் பொதியும் மட்டும் நான்கைந்து டாலரைத் தொடும். அதற்கு மேல் அரை மணி நேர வேலை. இதற்குப் பணம் கேட்பது ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் கேட்பது போன்றது அல்ல. அந்த வேலையைச் சரியாகச் செய்யாத விற்பவரிடம் வாங்கினால்தான் அருமை தெரியும்.

நியாயத்தை அளக்க நான் பார்ப்பது தொகையை அல்ல, அது எதோடு சேர்ந்து ஏறுகிறது என்பதை. பெட்டியின் அளவோடும் பொருள் உடையும் தன்மையோடும் ஏறினால் அது ஹேண்ட்லிங். ஏலத்தொகையோடு ஏறினால் அது வேறு ஏதோ. ‘முடிந்த விலையில் ஐந்து சதவீதம் ஹேண்ட்லிங்’ என்று சிலர் போடுவார்கள். அதே தபால்தலை 10 டாலருக்குப் போனாலும் 400 டாலருக்குப் போனாலும் அதே உறை, அதே அட்டை, அதே டேப்தான். இப்படிச் சதவீதக் கணக்கில் ஹேண்ட்லிங் வாங்குவதை ஈபேயும் தடைசெய்தது. பெரிய ஏல நிறுவனங்கள் ஏலத்தொகைக்கு மேல் வாங்குபவரிடம் ஒரு குறிப்பிட்ட சதவீதத் தொகை வசூலிக்கும் வழக்கம் உண்டு. அதை அவர்கள் தங்கள் கமிஷன் என்றே சொல்கிறார்கள், பேக்கிங் செலவு என்று சொல்வதில்லை.

ஒரே விற்பவரிடம் பத்துத் தபால்தலை ஜெயித்தால் என்ன ஆகிறது என்பதும் நல்ல சோதனை. பத்தும் ஒரே உறையில் வரும். ஒவ்வொன்றுக்கும் தனியாக 3 டாலர் என்று 30 டாலர் கேட்டால், அதில் 27-க்கு அருகில் லாபம். பல விற்பவர்கள் முதல் பொருளுக்கு முழுக் கட்டணம், அடுத்தடுத்ததற்கு 25, 50 சென்ட் என்று வைத்திருப்பார்கள். சேகரிப்பாளர்கள் நடுவில் நல்ல பெயர் எடுப்பவர்கள் இவர்கள்தான்.

பெரிய பெட்டி, லேசான பொருள்

இனி விற்பவர் பக்கம். ஷிப்பிங் அதிகமாகத் தெரிவதற்கு அநியாயம் இல்லாத காரணம் ஒன்று உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை. கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி லாரியிலும் விமானத்திலும் அடைக்கும் இடத்தையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது சர்வதேச கூரியர்களின் வழக்கமான கணக்கு. வருகிற எண்ணும் உண்மையான எடையும், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

ஒரு பழைய விளக்கின் துணிக்கூடு 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நசுங்காமல் போக 50க்கு 40க்கு 30 சென்டிமீட்டர் பெட்டி வேண்டும். பெருக்கினால் 60,000. வகுத்தால் 12. ஆக இரண்டு கிலோ பொருளுக்குப் பன்னிரண்டு கிலோவுக்கான கட்டணம். வாங்கியவர் பார்சலைத் தூக்கிப் பார்த்து ‘இதற்கா இவ்வளவு?’ என்கிறார். விற்பவர் ஒரு பைசா எடுக்கவில்லை.

இதனால்தான் கனமான, பெரிய பொருள்களுக்கு எல்லோருக்கும் ஒரே ஷிப்பிங் தொகை வைப்பதைவிட, வாங்குபவரின் அஞ்சல் குறியீட்டை வைத்துக் கணக்கிடுவது நியாயம் என்று நினைக்கிறேன். நியூயார்க்கில் விற்பவருக்கு நியூ ஜெர்சிக்கு அனுப்ப ஆகும் செலவு வேறு, கலிபோர்னியாவுக்கு ஆகும் செலவு வேறு. ஒரே தொகை என்றால் பக்கத்து ஊர்க்காரர் தூரத்து ஊர்க்காரருக்கும் சேர்த்துக் கட்டுகிறார். ‘ஷிப்பிங் இலவசம்’ என்பதிலும் இதே கதைதான். யாரும் இலவசமாக எடுத்துப் போவதில்லை, செலவு விலைக்குள் போயிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் தூரத்து முகவரிக்கான செலவு. கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது என்பதற்காக நான் அதை ஏற்றுக்கொள்கிறேன், மலிவு என்பதற்காக அல்ல.

இன்சூரன்ஸ் யாருக்காக?

‘இன்சூரன்ஸ் 3 டாலர், விருப்பம். எடுக்காவிட்டால், பொருள் தொலைந்தாலும் சேதமானாலும் நான் பொறுப்பல்ல.’ பழைய ஏல அறிவிப்புகளில் இந்த வரி அப்படியே அச்சடித்ததுபோல் இருக்கும். மூன்று கட்டணங்களில் எனக்குக் கொஞ்சமும் ஒப்பாதது இதுதான்.

கூரியரைத் தேர்ந்தெடுப்பது விற்பவர். பேக்கிங் செய்வது விற்பவர். தபால் நிலையத்தில் ரசீது வாங்குவதும், தொலைந்தால் புகார் கொடுப்பதும் வழக்கமாக அவர்தான். வழியில் நடப்பதில் வாங்குபவர் கையில் எதுவுமே இல்லை. அப்படியிருக்க அந்த ஆபத்தை அவர் தலையில் கட்டிவிட்டு, விலகிக்கொள்ள 3 டாலர் கேட்பது என்ன நியாயம்?

சட்டமும் விதிகளும் மெல்ல இந்தப் பக்கமே சாய்ந்தன. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருள் நுகர்வோர் கைக்கு வந்து சேரும்வரை பொறுப்பு வியாபாரியுடையது. அங்கே ஒரு வியாபாரி ‘இன்சூரன்ஸ் எடுக்காவிட்டால் பொறுப்பல்ல’ என்று எழுதிவைத்தால் அது வெறும் எழுத்துதான். வீட்டில் கிடந்ததை விற்கும் தனிநபருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஈபேயிலோ, தளத்தின் சொந்த உத்தரவாதத்தின்படி பொருள் வந்து சேரவில்லை என்றால் வாங்குபவருக்குப் பணம் திரும்பும், அது விற்பவரிடமிருந்து வசூலாகும். அமெரிக்கத் தளத்தில் இன்சூரன்ஸைத் தனி வரியாகப் போட்டு வாங்குபவரிடம் வசூலிப்பதையும் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். வேண்டுமானால் விற்பவர் தன் பாதுகாப்புக்காகத் தன் செலவில் எடுத்துக்கொள்ளட்டும் என்றாகிவிட்டது.

அந்த ரசீது இல்லாத கதையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? சில விற்பவர்கள் 3 டாலர் வாங்குவார்கள், ஆனால் எந்த இன்சூரன்ஸும் எடுக்க மாட்டார்கள். ஏதாவது தொலைந்தால் கைக்காசைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கணக்கு இப்படி: வருடத்துக்கு ஆயிரம் பார்சல், ஒவ்வொன்றும் 30 டாலர் பெறும், அதில் ஐந்து தொலைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நஷ்டம் 150 டாலர். பாதிப் பேர் இன்சூரன்ஸ் கட்டினாலே வசூல் 1,500 டாலர். வியாபாரமாக யோசித்தால் கெட்டிக்காரத்தனம். ஆனால் இன்சூரன்ஸ் என்ற பெயரில் பணம் வாங்க உரிமம் வேண்டும். மூன்றாம் நிறுவனம் ஒன்றிடம் உண்மையாகக் கட்டாமல் அந்தப் பெயரில் வசூலிக்கக்கூடாது என்று ஈபேயின் விதியிலும் இருந்தது. தன் நஷ்டத்தைத் தானே தாங்க நினைக்கும் விற்பவர் அதை விலையில் சேர்த்துக்கொண்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

இன்னொன்று, பல தபால் சேவைகளில் ஓரளவு காப்பீடு கட்டணத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அமெரிக்கத் தபால் துறையின் பிரையாரிட்டி மெயிலில் இன்று 100 டாலர் வரை அப்படி உண்டு. 40 டாலர் பொருளைப் பிரையாரிட்டி மெயிலில் அனுப்பிவிட்டு அதற்கு மேல் இன்சூரன்ஸ் என்று யாராவது பணம் கேட்டால், எதற்கு என்று கேட்கலாம்.

விலை உயர்ந்த பொருளுக்கு மட்டும் கதை மாறும். ஆயிரம் டாலர் நாணயத்தைச் சாதாரணப் பார்சலில் அனுப்ப நினைக்கும் விற்பவரை நானே தடுப்பேன். அமெரிக்கத் தபால் துறையின் பதிவுத் தபாலில் 50,000 டாலர் வரை காப்பீடு செய்யலாம். நாணயம், தபால்தலை சேகரிப்பவர்கள் மெதுவாக வந்தாலும் பரவாயில்லை என்று அதைத்தான் நம்புவார்கள். கூரியர் நிறுவனங்கள் சில, நாணயங்களுக்கும் ரொக்கத்துக்கும் ஈடு தருவதே இல்லை. பேக்கிங் சரியில்லை என்று காரணம் சொல்லியும் மறுப்பார்கள். எனவே இன்சூரன்ஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடாமல், எந்தச் சேவை, எவ்வளவுக்கு என்று கேட்பது நல்லது.

ஏலம் கேட்கும்முன்

பொருளுக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்று முதலில் முடிவுசெய்யுங்கள், வீட்டு வாசலுக்கு வந்து சேரும் மொத்தமாக. அதிலிருந்து ஷிப்பிங்கைக் கழியுங்கள். மீதிதான் நீங்கள் ஏலத்தில் கேட்கும் உச்சத்தொகை. ஈபேயில் உச்சத்தொகையை முதலிலேயே கொடுத்துவிட்டால் உங்களுக்காகத் தளமே படிப்படியாக ஏற்றிக் கேட்கும் வசதி இருப்பதால், இந்தக் கழித்தலை ஒருமுறை செய்தால் போதும். கடைசி நிமிடப் பரபரப்பில் செய்ய முயன்றால்தான் அந்தச் சின்னத் துண்டு நழுவிவிடும்.

ஷிப்பிங் எவ்வளவு என்று எழுதப்படாத ஏலத்தில், கேட்கும்முன் விற்பவருக்கு அஞ்சல் குறியீட்டை அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். ஏலம் முடிந்த பிறகு பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. திருப்பிக் கொடுத்தால் ஷிப்பிங்கும் சேர்ந்து வருமா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். பொருள் விவரிப்புக்கு மாறாக இருந்தால் முதலில் கட்டிய ஷிப்பிங்கையும் சேர்த்துத் தர வேண்டும் என்பது இப்போது ஈபேயின் விதி. வெறும் மனமாற்றம் என்றால் விற்பவரின் நிபந்தனைதான். பிரிட்டனில் வியாபாரியிடம் இணையத்தில் வாங்கி, 14 நாள் கெடுவுக்குள் ரத்துசெய்தால் சாதாரண ஷிப்பிங் கட்டணத்தையும் அவர் திருப்பித் தர வேண்டும்.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டு ஏலத்தில் கேட்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பாஸி என்ற இந்திய ஏலத் தளத்தை ஈபே 2004-ல் வாங்கியது, அந்த இந்தியக் கடை 2018-ல் மூடப்பட்டது. அதன் பிறகும் நாணயம், தபால்தலை, பழைய கேமரா தேடும் நம் ஊர்க்காரர்கள் அமெரிக்க, பிரிட்டன் தளங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்தியச் சுங்க வரி பொதுவாகப் பொருளின் விலைக்கு மட்டும் அல்ல, இங்கே வந்து சேரும்வரை ஆகும் போக்குவரத்தையும் இன்சூரன்ஸையும் சேர்த்த மதிப்புக்குக் கணக்கிடப்படுகிறது. அமெரிக்காவுக்குள் வரும் பொருள்களுக்குச் சர்வதேசப் போக்குவரத்துச் செலவு மதிப்பில் சேர்வதில்லை, அங்கே முறை வேறு. ஆக, விற்பவர் ஷிப்பிங்கை ஊதிப் பெருக்கினால், அந்த ஊதலுக்கும் சேர்த்து இங்கே வரி கட்டுவோம். 20 டாலர் பொருளுக்கு 35 டாலர் ஷிப்பிங் என்றால் வரிக்கான மதிப்பு 55-லிருந்து தொடங்குகிறது.

ஒரே விற்பவரிடம் இரண்டு மூன்று ஏலம் ஜெயித்திருந்தால் உடனே பணம் கட்டாதீர்கள். எல்லாம் முடியும்வரை பொறுத்து, சேர்த்து அனுப்ப எவ்வளவு என்று கேட்டு, திருத்திய மொத்தத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஈபேயில் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. தனித்தனியாகக் கட்டிய பிறகு, ‘ஒரே பார்சலில்தானே அனுப்பினீர்கள்’ என்று மிச்சப் பணத்தைக் கேட்டால், தருவதும் தராததும் அவர் மனசுதான்.